நொடிக்கு ஐம்பது

மாமியார் இறந்த பிறகு மாமனார் கையைக் காலியாக வைத்துக்கொள்வதே இல்லை. காலையில் டீ டம்ளர். அது முடிந்தால் செய்தித்தாள். பட்டறையிலிருந்து திரும்பினால் தோள்பையைக் கழற்றாமல், அதன் பட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதுவும் அகப்படாவிட்டால் ஒரு துண்டை எடுத்து மடிப்பார், பிரிப்பார், மறுபடியும் மடிப்பார். வெளியாள் பார்த்தால் மனுஷன் சும்மா இருக்க மாட்டார் போல என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான். வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் விஷயம் தெரியும். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கைதான் வாய். கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால், பேச மாட்டேன் என்று அர்த்தம்.

மாமியாருக்கும் காது கேட்காது. இரண்டு பேரும் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தபோது பழகியவர்கள். இயந்திர இரைச்சலில் காது கேட்கிறவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் கூடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நிதானமாக ஊர்க்கதை பேசுவார்களாம். பிறந்த ஒரே மகளுக்குக் காது நன்றாகவே கேட்டது. அவளுக்குப் பகல் முழுவதும் போனில் வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்கிற வேலை. "எங்க வீட்டுக்கெல்லாம் சேர்த்து நான் ஒருத்தி கேட்டுத் தொலைக்கிறேன்" என்பாள்.

அவளைக் கட்டியவன் கடைத்தெரு ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். ஒற்றைக் கண்ணை மூடி, மறு கண்ணுக்கு முன்னால் முஷ்டியை வைத்தால் அந்த வீட்டில் அது அவன் பெயர். பெண் பார்க்க வந்த அன்றே கேமராவும் கையுமாக வந்து நின்றதற்கு மாமியார் வைத்த பெயர். ஆனால் வாயால் பேசுகிறவர்களுக்கு அவன் மாப்பிள்ளைதான். கைப்பேச்சில் அவனுக்குச் சாப்பாடு தெரியும், போதும் தெரியும், வா, போ, கரண்ட் போய்விட்டது தெரியும். மற்றதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டுவான். மனைவி பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்துவிடுவாள். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

"அப்பா வாயைத் திறந்து எவ்வளவு நாளாச்சுன்னு பார்த்தீங்களா?" என்றாள் ஒரு நாள் காலையில், தலை வாரிக்கொண்டே. அவள் வாய் என்று சொன்னாலும் கைதான்.

"அவர் எப்பவுமே கொஞ்சம் அமைதிதானே."

"அமைதியா? அம்மாவும் அவரும் போட்ட சண்டையில நம்ம வீட்டுல எத்தனை தட்டு உடைஞ்சிருக்கு தெரியுமா? கையில தட்டோட பேசினா உடையாம என்ன செய்யும்?"

"கொஞ்ச நாள் போகட்டும். சரியாயிடும்."

"அவரோட பட்டறையில ஒருத்தர் இருந்தார். இதே மாதிரி காது கேட்காதவர். பொண்டாட்டி போனதும் பேச்சை நிறுத்தினார். அப்புறம் சோத்தை நிறுத்தினார். அப்புறம் நாங்கதான் போய் மாலை போட்டுட்டு வந்தோம்." சீப்பைக் கீழே வைத்தாள். "நேத்து ராத்திரி தட்டுல வச்சதை அப்படியே மூடி வச்சுட்டுப் படுத்துட்டார். காலையில நான்தான் கழுவினேன்."

அந்தத் தட்டை மாப்பிள்ளையும் பார்த்திருந்தான்.

"நீங்க அம்மாவை எடுத்ததெல்லாம் இருக்குல்ல? அதுல அம்மா பேசுவாங்கல்ல? அதை ஒரு டிஸ்க்கா போட்டுக் குடுங்க. அம்மா பேசினா அவரால பதில் சொல்லாம இருக்க முடியாது. பிறந்ததுலேர்ந்து நான் பார்த்தது அது ஒண்ணுதான்."

"போன்லயே போட்டுக் காட்டேன்."

"காட்டினேன். அம்மா கை எறும்பு மாதிரிதான் தெரிஞ்சுது. தூக்கி வச்சுட்டார். அந்தப் பெரிய டிவியும் ப்ளேயரும் அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து போய் வாங்கினது. அதுல போட்டாத்தான் பார்ப்பார்."

வேலையில் மாப்பிள்ளை யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஸ்டுடியோவின் பின்னறையில், மின்விசிறி தள்ளும் வெக்கையில் உட்கார்ந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கையெல்லாம் துழாவி மாமியாரை ஒன்றுசேர்த்தான். துணி காயப்போடுகிற மாமியார். கீரை ஆய்கிற மாமியார். ஜன்னலோரம் நின்று யாரையோ திட்டுகிற மாமியார். நல்ல வெளிச்சம் விழுந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்தான். முகத்துக்குக் கொஞ்சம் பொன்னிறம் ஏற்றினான். கை அசைவது அழகாக இருந்த இடங்களிலெல்லாம் வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். அடியில் மெல்லிசாக ஒரு புல்லாங்குழல் போட்டான்.

கடைசியில் கம்ப்யூட்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டது. நொடிக்கு எத்தனை படம்? சினிமாவுக்கு இருபத்துநாலு. ஸ்டுடியோவில் எல்லாக் கல்யாணத்துக்கும் அதைத்தான் போடுவார்கள். கல்யாண மாப்பிள்ளை, பெண் இரண்டு பேரும் கதாநாயகன் கதாநாயகி மாதிரி தெரிவார்கள். இருபத்துநாலையே அழுத்தினான். ஒரு நொடிப் படத்துக்கு டிஸ்க் தட்டில் எவ்வளவு இடம்? நிறைய மாமியார் இருந்ததால் இடத்தைக் குறைத்துப் பிடித்தான். எல்லாம் ஒரே தட்டில் அடங்கியது.

ஸ்டுடியோ முதலாளி எட்டிப் பார்த்தார். "அடேயப்பா. மாமியாரைத் தேவதையாக்கிட்டியேப்பா. என் மாமியாருக்கும் ஒண்ணு போட்டுக் குடேன், அப்பவாவது எனக்குப் பிடிக்குதான்னு பார்ப்போம்."

தான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு போட்டார்கள். மழை வருவது போல் இருட்டிக்கொண்டிருந்தது. டிவிக்கு அது வசதி. மாமனார் துண்டை மடியில் வைத்துப் பிடித்தபடி உட்கார்ந்தார். திரையில் மாமியார் வந்ததும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். துண்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்ததை மகள் பார்த்தாள், கணவனின் தொடையைக் கிள்ளினாள். மாமியார் பொன்னிறத்தில் கையை உயர்த்தினார். கை மிதந்தது, கரைந்தது, வேறோர் இடத்தில் மறுபடி உருவானது. புல்லாங்குழல் அழுதது.

மாமனார் கண்ணைச் சுருக்கினார். பின்னால் சாய்ந்தார். கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மகளிடம் ஒன்று கேட்டார். சின்னக் கேள்விதான். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

"பேசினார்!" என்றான் மாப்பிள்ளை. "பார்த்தியா? பேசிட்டார்! என்ன சொன்னார்?"

அவள் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லேன்."

"'குடிச்சிருக்காளா'ன்னு கேட்டார்."

சமையலறையில் வைத்துக் கணவனைப் பிடித்துக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள், ஒவ்வொன்றும் நங்கென்று விழுந்தது. அப்பாவுக்குக் கேட்காது என்ற தைரியம்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. பாட்டு யாருக்குப் போட்டீங்க?"

"சும்மா ஒரு ஃபீலிங்குக்கு..."

"ரெண்டு காதும் கேட்காத மனுஷனுக்குப் புல்லாங்குழல். நல்லாயிருக்கு. அப்புறம் அந்த மெதுவா போறது?"

"உங்கம்மா கை அசையறது அவ்வளவு அழகா இருந்துது, அதான்."

"அது அழகு இல்லைங்க. அது பேச்சு. உங்க பேச்சை யாராவது இழுத்து இழுத்துப் போட்டா நீங்களும் குடிகாரன் மாதிரிதான் இருப்பீங்க." ஒரு கரண்டியை உதறினாள். "மெதுவா போடாத இடத்துலயும் அம்மா குழறுறாங்க. விரல் நெத்தியில இருக்கு, அடுத்து நெஞ்சுல இருக்கு, நடுவுல எங்கே போச்சுன்னே தெரியல, ஒரே புகை. போற வழியிலதான் பேச்சே இருக்கு. நீங்க வழியைத் தூக்கிட்டீங்க."

"கேமராவுல எடுத்தது எல்லாம் அப்படியேதான் இருக்கு. நான் எதையும் தூக்கல."

"நான் எடிட்டர் இல்ல. எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கே பாதி புரியல. அதை மட்டும் சொல்லிட்டேன்." குழாயை மூடினாள். அப்புறம்தான் அழுதாள்.

மாப்பிள்ளை பின்கட்டில் போய் நின்றுகொண்டான். மழை பிடித்துவிட்டது. கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு பாடுபட்டவனுக்கு இதுவா மரியாதை என்று. அது வடிந்த பிறகு அவள் சொன்ன வழி என்ற வார்த்தை மட்டும் தங்கியது. அவன் தூக்கித்தான் இருந்தான். அவனுடைய அந்தக் கேமரா ஒரு நொடியை ஐம்பது அரைப் படமாக எடுக்கும். படத்தின் குறுக்குக் கோடுகளில் ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் அடுத்த தடவை, மாறி மாறி. ஐம்பதிலும் கை வேறு வேறு இடத்தில் இருக்கும். அதை இருபத்துநாலாக்கு என்று சொன்னால் கம்ப்யூட்டர் ஒன்றோடு ஒன்றைக் குழைத்து, பாதியை விழுங்கிவிட்டுக் கொடுக்கும். மாலை மாற்றுவதற்கும் கேக் வெட்டுவதற்கும் அது போதும். யாரும் கல்யாண வீடியோவில் கையைப் படிப்பதில்லை.

மறுநாள் காலையில் மாமனார் பைப்பட்டையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பி நின்றார். பேருந்துகளுக்கு இருக்கை உறை தைக்கிற பட்டறை. மழை என்றால் துணி காயாது, வேலை மந்தம். மாப்பிள்ளை வாசலை மறித்தான். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள், சொல்லிக்கொடுக்க ஆளில்லை. தன்னைக் காட்டினான். நெற்றியைத் தொட்டுக் கையை விரித்தான்: எனக்குத் தெரியவில்லை. அவரைக் காட்டினான், கண்ணைக் காட்டினான், வா என்றான். 'வா'வை மரியாதையோடு எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியாது. கொஞ்சம் குனிந்து சொன்னான்.

மாமனார் அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்த வீட்டில் அவன் தலையாட்டாமல் நின்றது அதுதான் முதல் தடவை. குடையை எடுத்துக்கொண்டு கூட வந்தார்.

ஸ்டுடியோ பின்னறையில் ஈரத்துணி வாடை. மாப்பிள்ளை மாமனாருக்குச் சுழல்நாற்காலியைக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். மாமனார் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். மாமியார் சந்தையிலிருந்து வந்து தக்காளியைக் கொட்டி ஏதோ பொரிந்து தள்ளுகிற ஒரு துண்டு இருந்தது. கை பறக்கும். சோதனைக்கு அதுதான் சரி என்று எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை இருபத்துநாலைத் தொடவில்லை. கேமரா எடுத்தபடி ஐம்பது அரைப் படமாகவே வைத்து, சின்னத் துண்டாக ஒரு தட்டில் எழுதி, மூலையில் இருந்த டிவியில் போட்டான்.

மாமனார் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

"என்ன மாமா? எது இல்ல?" வாயால்தான் கேட்டான், கையை மட்டும் விரித்தான்.

மாமனார் மறுபடி தலையாட்டினார். மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. திரும்பப் போட்டான், திரும்பத் தலையாட்டினார். இப்படியே போனால் சாயங்காலம்வரை தலையாட்டிக்கொண்டிருக்கலாம். மாமனாருக்கும் அது தெரிந்தது. மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார். பையைத் தரையில் இறக்கி வைத்தார். இரண்டு தோளையும் ஒடுக்கிக்கொண்டு, பல் கிட்டித்தவர் போல் முகத்தை வைத்துக்கொண்டு, கையை வெடவெடவென்று உதறிக் காட்டினார்.

"குளிரா? யாருக்கு? உங்களுக்கா?" மாப்பிள்ளை மின்விசிறியை நிறுத்தப் போனான். மாமனார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, திரையைக் காட்டினார். மறுபடி உதறினார்.

அவள்தான் குளிரில் பேசுகிறாள்.

மாப்பிள்ளை திரைக்கு அருகில் போய்ப் பார்த்தான். கை ஒரு மயிரிழை முன்னால் போய், பின்னால் வந்து, முன்னால் போனது. நெற்றியில் அடித்துக்கொண்டான். அரைப் படங்களில் எந்த வரிகள் முதலில் என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு மாற்றிச் சொல்லியிருந்தான். பிந்தியது முந்தி, முந்தியது பிந்தி, கை நடுங்கியிருக்கிறது. ஒற்றை வரிகள் முதலில் என்று மாற்றினான்.

எழுதி முடியும்வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் பையைத் திரும்ப எடுக்கவில்லை. முதலாளி இரண்டு டீயோடு வந்தார்.

"ஐம்பதா? எதுக்குய்யா வம்பு? படத்தைச் சின்ன சைஸ்ல போட்டா ஐம்பதும் முழுப்படமா வருமே. தட்டு அதையும் ஏத்துக்கும்."

அதையும் போட்டுப் பார்த்தார்கள். கை வழுக்கிக்கொண்டு போனது, நடுக்கம் இல்லை. ஆனால் மாமியார் அறையின் அந்தக் கோடிக்குப் போனதும் மாமனார் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்து, முகத்தைச் சுளித்தார். விரலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. தள்ளுபடி.

"சரிதான். வாயில கொழுக்கட்டை மாதிரி கையில கொழுக்கட்டை" என்றார் முதலாளி.

பெரிய படத்துக்கே திரும்பினார்கள், வரிசையை மாற்றியதில் அதிலும் நடுக்கம் போயிருந்தது. இப்போது தக்காளி கொட்டுகிற இடம் மட்டும்தான் பாக்கி. மாமியார் இரண்டு கையையும் சேர்த்து வீசுகிற இடத்தில் கை பொடிப்பொடிச் சதுரங்களாக உடைந்தது. மாமனார் அந்த இடம் வரும்போதெல்லாம் மாப்பிள்ளையின் முழங்கையில் தட்டினார். மாப்பிள்ளை நொடிக்கான இடத்தை ஏற்றினான். தட்டினார். இன்னும் ஏற்றினான். தட்டினார். டிஸ்க் தாங்குகிற உச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, எழுதிப் போட்டான்.

தக்காளி கொட்டியது. மாமியார் வீசினார். மாமனார் முழங்கையில் தட்டவில்லை.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். மாமனார் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது, வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. திரையைக் காட்டினார். தன்னைக் காட்டினார். கன்னத்தில் அறைந்துகொள்வது போல் காட்டினார். திட்டுகிறாள், என்னை, தக்காளிக்காக. இதெல்லாம் மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"நல்லா வேணும்" என்றான் மாப்பிள்ளை. மாமனார் உதட்டைப் படித்துவிட்டு அவன் பிடரியில் ஒன்று வைத்தார்.

இடத்தை அவ்வளவு ஏற்றினால் எல்லா மாமியாரும் ஒரு தட்டில் அடங்க மாட்டார்கள். எதை வைப்பது, எதை விடுவது? மாப்பிள்ளை பொறுக்கிய பொன்னிற மாமியார் எல்லோரையும் மாமனார் ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். பூ வைத்துக்கொண்டு சிரிப்பது வேண்டாம். கோயில் வாசலில் நிற்பது வேண்டாம். முகம் பாதி வெட்டுப்பட்டு, வெளிச்சம் இல்லாமல், மாப்பிள்ளை கேமராவை நிறுத்த மறந்துபோய்ப் பதிவானவை இருந்தன. அதில் கை மட்டும் முழுதாக இருக்கும். அதையெல்லாம் வை என்றார். அவர் தேர்ந்ததில் ஒன்றைக்கூட மாப்பிள்ளை வாடிக்கையாளருக்குக் காட்டத் துணிந்திருக்க மாட்டான்.

"என்னப்பா இது, திருட்டுக் கேமராவுல எடுத்த மாதிரி இருக்கு" என்றார் முதலாளி.

"இதுலதான் பேசறாங்க" என்றான் மாப்பிள்ளை.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சாயங்காலம் புது டிஸ்க் வீட்டுக்கு வந்தது. மகள் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டுத் தட்டை மாமனார் பக்கத்தில் வைத்தாள். ரிமோட் அவர் கையில்.

மாமியார் பேச ஆரம்பித்தார். வேகமாக, மூச்சு விடாமல். மகள் சிரித்தாள், நிறுத்தினாள், மறுபடி சிரித்தாள். "ஐயோ, இதை நான் மறந்தே போயிட்டேன்" என்றாள். மாமனார் பார்த்தபடியே ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாயும் சாப்பிட்டார். திரையில் மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து மகளிடம் ஒரு கதையை எடுத்தார். நடந்து காட்டினார், பின்னால் திரும்பிப் பார்த்துக் காட்டினார்.

திடீரென்று மாமனார் ரிமோட்டை நீட்டிப் படத்தை நிறுத்தினார்.

மாப்பிள்ளை பாதி எழுந்தான். ஓடும்போது தெரியாது, நிறுத்தினால் இரண்டு அரைப் படமும் ஒரே நேரத்தில் திரையில் நிற்கும். மாமியாரின் கையோரமெல்லாம் சீப்பு மாதிரிப் பல் பல்லாகப் பிளந்து நின்றது. சினிமா மாதிரிப் போட்ட தட்டில் இந்தப் பல் இருக்காது. பொம்மை மாதிரி வழவழவென்று நின்றிருப்பார்.

"நிறுத்த வேண்டாம்னு சொல்லு. நிறுத்தினா அசிங்கமா இருக்கும். ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லு."

மகள் அவன் வாயைப் பொத்தினாள்.

மாமனார் ரிமோட்டை நாற்காலிக் கையில் வைத்தார். சோற்றுக் கையை வேட்டியில் துடைத்தார். துண்டு எங்கேயோ கிடந்தது. இரண்டு கையும் காலியாக இருந்தன. அந்தக் கையைத் தூக்கி, திரையில் பல் பல்லாக நின்ற பெண்டாட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சின்னதாகத் தொடங்கி, கை முகத்துக்கு மேலே போனது. நாற்காலி கிறீச்சிட்டது. விரலை நீட்டினார், மார்பில் குத்திக்கொண்டார், காற்றை வெட்டினார். அவள் பதில் பேச முடியாமல் நின்றாள்.

"என்ன சொல்றார்?" பொத்திய விரலுக்குள்ளிருந்தே கேட்டான் மாப்பிள்ளை.

"சண்டை போடறார்." மகள் விரலை எடுத்தாள். "ஆலை விட்டு வரும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்பாதான் பின்னாடியே வந்தார்னு அம்மா சொன்னாங்க. பொய்யாம். அம்மாதான் பின்னாடி வந்தாங்களாம். அன்னிக்குச் செருப்பு அறுந்துதுன்னு சாக்குச் சொல்லிப் பக்கத்துல வந்து நின்னது யாருன்னு கேட்கறார். பொண்ணுகிட்டப் பொய் சொல்ல வெட்கமா இல்லையான்னு கேட்கறார். எத்தனை வருஷமா இவ என்னைப் பேச விடாம அடிச்சிருக்கா, இப்பத்தான் மாட்டினா, அப்படின்னு..." அதற்கு மேல் அவளால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை சொல்லிக்கொடுக்கும்படி கேட்கவும் இல்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து, மூச்சு வாங்க, மாமனார் ரிமோட்டை எடுத்தார். பதில் வரட்டும் என்று அழுத்தினார். பல்லெல்லாம் ஒன்றோடு ஒன்று கூடிக் கை முழுதானது. ஜன்னலோர மாமியார் மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஒரு கையை அலட்சியமாக உதறினார்.

"என்னவாம்?"

"'இல்லவே இல்லைன்னு சாதிப்பாரு பாரு, நம்பாதே'ங்கறாங்க."

மாமனாருக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரிப்பு அப்படித்தான் இருக்கும் என்பதை வீடே மறந்திருந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் படத்தை நிறுத்திவிட்டு, ரிமோட்டை மடியில் போட்டு, கையைத் தூக்கினார்.